போயிற்று வாறன்

வாழைச்சேனையில் வீட்டை விட்டுக் கிளம்புபவர் “போறன்” என்று சொல்லமாட்டார். “போயிற்று வாறன்” என்பார். நம் ஊர்க் கடையொன்றின் பில் போடும் செயலிக்கும் அதே பண்பாடுதான். மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் திரையை விட்டுப் போகும், கணினியை விட்டுப் போகாது.

“மெஷின் இழுக்குது தம்பி, ஒருக்காப் பாருங்க” என்றார் முதலாளி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். காலையிலிருந்து “மூடிய” ஒன்பது பிரதியும் நினைவகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன.

செயலியை ஜாவாவில் எழுதியவன் செய்த பிழை, ஒன்றும் செய்யாமல் விட்டதுதான். 1998இல் ஜாவா 1.2உடன் வந்த ஸ்விங் என்ற சாளரக் கருவித்தொகுப்பில், வேறு கட்டளை கொடுக்காதவரை, ஜேஃபிரேம் எனும் முதன்மைச் சாளரத்தை மூடினால் அது ஒளிந்துகொள்ளும், அவ்வளவே. “வெளியேறு” என்று ஒரு வரி எழுதவேண்டும். அதை மட்டும் எழுதினாலோ, பாதி அடித்த பில்லையும் தூக்கிக்கொண்டு சொல்லாமல் ஓடிவிடும். அது இன்னும் மரியாதைக்கேடு.

முறையானது இது: தானாக மூடுவதைத் தடுத்து, விண்டோ குளோசிங் நிகழ்வைப் பிடித்து, “சேமிக்கட்டா?” என்று கேட்பது. வேண்டாம், இருக்கிறேன் என்றால் இருக்கவிடுவது. போகத்தான் வேண்டுமென்றால் பில்லை எழுதிவைத்து, தரவுத்தளத்தைச் சாத்தி, மறுகா வெளியேறுவது.

முதலாளிக்கு இதை விளக்க நேரம் எடுக்கவில்லை. வாழைச்சேனைக் காகித ஆலை மூடியதைப் பார்த்த ஊர்க்காரருக்கு மூடுவதில் எத்தனை வகை என்று தெரியும்.

கடைக்காரர்களே, மெஷின் இழுத்தால் முதலில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். புது ராம் வாங்க மட்டக்களப்புக்கு பஸ் ஏறாதீர்கள்.