வாலிபர் கூட்டத்துத் தம்பி

பாளையங்கோட்டை, மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று எந்த சி.எஸ்.ஐ. சபைக்குப் போனாலும் இந்தத் தம்பி இருப்பான். வயது 17. கடைசிப் பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில், தூண் மறைவில் உட்கார்ந்திருப்பான். கடைசிப் பெஞ்சுக்குப் போனால் பின்மாற்றக்காரன் என்று பெயர் வந்துவிடும். முதல் பெஞ்சுக்குப் போனால் அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கச் சொல்லிவிடுவார்கள்.

சபையில் அவனுக்குக் கொடுத்திருக்கும் பட்டம் 'நாளைய சபை'. இன்றைய சபையில் அவனுக்கு வேலை நாற்காலி தூக்குவது. அசனப் பண்டிகைக்குச் சோற்று வாளி தூக்குவது, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகையில் கிறிஸ்மஸ் தாத்தா முகமூடிக்குள் வேர்த்து வழிவது, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் சாங் ஆடிக் காட்டுவது எல்லாம் அவன்தான். இவ்வளவும் முடித்துவிட்டு வந்தால், "வாலிபப் பிள்ளைகள் சபைக் காரியத்துல ஈடுபாடே காட்டுறதில்ல" என்று ஒரு பெரியவர் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார். அந்த மைக்கைக் கட்டியவனும் அவனே.

வாலிபர் கூட்டத்தில் ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னால் யோவான் 11:35-க்கு அடிபிடி. தமிழில் மூன்றே சொல். சங்கீதம் வாசிக்கச் சொன்னால் இரண்டே வசனம் உள்ள 117. குறும்பு செய்து மாட்டிக்கொண்டால் 176 வசனம் உள்ள 119. ஆனால் வேதம் தெரியாதவன் என்று அவனை நினைத்துவிடக் கூடாது. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கம் பண்ணியபோது, ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபனை அவனுக்கு நன்றாகத் தெரியும். செத்துப்போனான் என்று தூக்கியவனைப் பவுல் உயிரோடு எழுப்பினார். எழுப்பிவிட்டு, விடியும்வரை மறுபடியும் பேசினார். அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வாலிபர் ஞாயிறு அன்று எந்தச் சபை ஐயரும் அதை எடுப்பதில்லை. வருஷாவருஷம் 'உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு' என்னும் 1 தீமோத்தேயு 4:12-தான்.

இவன் வேதாகமம் கைப்பேசிக்குள் இருக்கிறது. யூவெர்ஷன் ஆப் வந்தது 2008-இல். அவனுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிரசங்க நேரத்தில் அவன் குனிந்து திரையைத் தள்ளினால் பக்கத்துப் பெஞ்சு மாமா முறைப்பார். நிஜமாகவே எரேமியாவைத்தான் தேடிக்கொண்டிருப்பான். முறைத்த பிறகுதான் ஸ்கோர் பார்க்கலாமா என்று தோன்றும்.

லெந்து நாட்களில் அவன் விடுவது ரீல்ஸ். இதில் ஒரு கணக்கு உண்டு. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை மொத்தம் 46 நாள். ஞாயிறுகள் ஆறையும் கழித்தால்தான் 40. இந்தக் கழித்தலைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஞாயிறு மத்தியானம் அவன் அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது.

அவன் விட்டு விலகவேண்டிய 'உலகம்' எங்கே ஆரம்பிக்கிறது என்பதைப் பெரியவர்கள்தான் சொல்கிறார்கள். அந்த எல்லைக்கல் அடிக்கடி இடம் மாறும். கிட்டார் உலகம் என்பார்கள், கீபோர்டு உலகம் இல்லை. தரங்கம்பாடி மிஷனரிகள் தந்த ஞானப்பாட்டு ஜெர்மன் மெட்டில் வந்தது. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைக்குக் கர்நாடக ராகம் எடுத்தார். எல்லாம் வெளியிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்தவைதான். பக்கவாட்டில் முடியை ஒட்ட வெட்டியிருப்பதும் உலகமாம். "சிம்சோன் முடியை வெட்டின பிறகுதானே கெட்டான்" என்று சொல்லப்போனால், முதலில் அவன் முடி வெட்டியவன் கட்சியா, வளர்த்தவன் கட்சியா என்று அவனுக்கே குழம்பிவிடும்.

எரிக் லிடல் கதை இன்னும் சுவை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தவர். 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வாங்கியவர். ஓய்வுநாள் பள்ளி தொடங்கி வாலிபர் முகாம் வரை இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தம்பி, ஒரு நாள் அம்மாவிடம் கேட்டான்: "நீட் எக்ஸாம் ஞாயித்துக்கிழமைதானம்மா வைக்கிறாங்க?" கேட்டது சரிதான். 2023-இல் மே 7, 2024-இல் மே 5, 2025-இல் மே 4, மூன்றும் ஞாயிறு.

அம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஏல, அவரு ஓடப் போனவரு. நீ டாக்டர் ஆகணும்."

கோச்சிங் சென்டர் ஞாயிறு காலையில் டெஸ்ட் வைத்தபோதும் வீட்டில் யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லை. சினிமாவுக்காக ஆராதனையை விட்டால் பின்மாற்றம். உயிரியலுக்காக விட்டால் பொறுப்புள்ள பிள்ளை. இந்த விஷயத்தில் தம்பிக்கு வரும் நெருக்கடி தெருவிலிருந்து வருவதே இல்லை. முன் பெஞ்சிலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி.

தெருவில் அவன் எப்படி? பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் நெற்றியைச் சொறிவான். கண்ணை மறைத்த விரல்களுக்குள் மூன்று வினாடி ஜெபம் நடக்கும். "தலைவலியாடா?" என்று கேட்டவனிடம் ஆமாம் என்றிருக்கிறான். சிநேகிதன் பிறந்தநாளில் பீர் பாட்டில் சுற்றி வந்தபோது, "மாத்திரை சாப்பிடுறேன்டா" என்று நழுவினான். மறுநாள் மதியம் ஜெபம் கொஞ்சம் நீண்டது. பொய்க்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த பிறந்தநாளுக்கும் அதே மாத்திரை.

அதற்கடுத்த தடவை, "என்ன சீக்குடா உனக்கு?" என்று எல்லோரும் கவலையோடு கேட்க, வேறு வழியில்லாமல் உண்மை வெளியே வந்தது. "சீக்கெல்லாம் இல்லடா. நான் குடிக்க மாட்டேன். எங்க சாமிக்குப் பிடிக்காது, எனக்கும் வேண்டாம்." கேலி பண்ணுவார்கள், ஒதுக்கிவிடுவார்கள் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். ஒருத்தன், "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன" என்றான். இன்னொருத்தன் பரோட்டா இரண்டை அவன் இலைக்குத் தள்ளினான். நெற்றியைச் சொறியாமல், கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத் தம்பி சாப்பிட்டான். சால்னா ஆறிப்போயிருந்தது.

இந்தச் செய்தி சபைக்குத் தெரியாது. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து சொல்லலாம்தான். சொன்னால், பீர் இருந்த இடத்துக்கு ஏன் போனாய் என்று முதலில் கேட்பார்கள்.

தம்பி தேறிவிடுவான். நீட் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.