பேசும் மேளமும் ஒரு மைக்செட் மேதையும்

லாகோஸில் சனிக்கிழமை என்றால் ஒவாம்பே விருந்து. கல்யாணமோ, அறுபதாம் பிறந்தநாளோ, நிறைவாழ்வு வாழ்ந்த பாட்டியின் இறுதிச் சடங்கோ, எதுவானாலும் பந்தல், ஜொலோஃப் சோறு, விடிய விடியப் பாட்டு. வார நாட்களில் கணக்கெழுதும் எனக்கு அங்கே மிக்ஸர் பிடிப்பது உபதொழில். ஊர்த் திருவிழாவுக்கு மைக்செட் கட்டியவனுக்கு யொருபாக்காரர்களின் பேசும் மேளம் என்ன பெரிய விஷயம் என்ற இறுமாப்பு வேறு.

பார்வைக்கு நம் உடுக்கையின் பெரியண்ணன். இடை சிறுத்த கட்டை, இரு பக்கமும் தோல், நெடுக இழுத்துக் கட்டிய வார்கள். அக்குளில் இடுக்கி அமுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வளைந்த குச்சியால் அடிப்பார்கள். அடிக்கிறார்கள் அல்லவா, அப்படியென்றால் தாளவாத்தியம்தானே என்று டிரம் செட்டுக்குப் பக்கத்துச் சேனலில் போட்டு, டிரம்முக்குச் செய்கிற சிகிச்சை அத்தனையும் செய்தேன்.

முதலில் கேட். மெல்லிய சத்தம் வந்தால் சேனலை அடைத்துவிடும் சமாச்சாரம். யொருபா மொழிக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதி நிலைகள். சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். மேளம் பேசுவது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். தோல் தளர்ந்திருக்கும்போது வரும் கீழ்ச் சுருதி அடக்கமாகவே வரும். என் கேட் அதைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. மிச்சம் இருந்ததை, அடித்தொனியை வெட்டும் லோ கட் பார்த்துக்கொண்டது.

அன்று மேளக்காரர் வாசித்தது விருந்து வைத்தவரின் ஒரிகி, அதாவது குலப்புகழ். அதில் மனம் குளிர்ந்துதான் நெற்றியில் நைரா நோட்டு ஒட்டுவார்கள். வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். பிறகு நோட்டுக் கட்டோடு பாடகரிடம் போய்விட்டார். மேளக்காரர் பரம்பரை வாத்தியக் குடும்பம். அவர்கள் பெயரே ‘அயான்’ என்றுதான் தொடங்கும். இடைவேளையில் வந்து, “ஓகா, என் பேச்சில் பாதியை உன் பெட்டி முழுங்கிடுச்சு” என்றார். நானோ அவருக்கு கேட் என்றால் என்னவென்று பாடம் நடத்தினேன். என் அப்பா வயது அவருக்கு.

அடுத்தது கிளிப் மைக். ஸ்டாண்டு மைக் இந்த மேளத்துக்கு உதவாது. மனிதர் மேசை மேசையாகப் போய் வாசிப்பார். வாரில் கிளிப்பை மாட்டினேன். அவர் அமுக்கும்போதெல்லாம் தோல் கிறீச்சிட்டது ஸ்பீக்கரில் பழைய கதவு போலக் கேட்டது. அவருடைய அக்பாடா அங்கியின் அகலக் கை மைக்கைக் கோத்துக்கொண்டு போனது. தாய் மேளமான இயா இலுவுக்கு வந்தபோது இன்னும் விசேஷம்: அதன் விளிம்பில் கட்டிய சவோரோ மணிகள் மட்டும் துல்லியமாகக் கேட்டன, மேளம் கேட்கவில்லை.

ஸ்பீக்கர் முன்னால் அவர் நின்றபோது கூவல் ஆரம்பித்தது. அடிக்காத பக்கத்துத் தோலும் ஸ்பீக்கர் சத்தத்துக்கு அதிருமாம். அது அப்போது எனக்குத் தெரியாது. கூவுகிற இடத்தை ஈக்வலைசரில் கண்டுபிடித்து இறக்கினேன். அவர் மேளத்தை அமுக்கினார். கூவல் மேலே ஏறியது. அங்கேயும் இறக்கினேன். அவர் கையைத் தளர்த்தினார். இப்படியே துரத்தி 31 பட்டைகளில் பெரும்பாலானவற்றைக் கீழே தள்ளியபோது கூவல் நின்றது. மேளமும் நின்றது. அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

யொருபாக்காரர்களின் விருந்துப் பாட்டான ஜுஜு இசைக்குள் பேசும் மேளம் வந்ததே 1940-களின் கடைசியில்தான். மைக்கும் மின்கிதாரும் வந்த பிறகே பாட்டும் கிதாரும் அதன் சத்தத்துக்கு ஈடுகொடுத்தன. இந்த மேளத்தைத் தாங்குவதற்காக மற்றவர்களுக்குக் கொடுத்த கருவியைக் கொண்டு மேளத்தையே வாயடைத்த பெருமை என்னுடையது. ஜுஜு பாடகர் கிங் சன்னி அடேயின் 1982 ‘ஜுஜு மியூசிக்’ தட்டைக் கேட்டாலே தெரியும்: அத்தனை கிதார்களுக்கு நடுவிலும் மேளங்கள் தெளிவாகப் பேசும். அதை நான் வைத்திருந்தேன், கேட்டும் இருக்கிறேன். கிதாரை மட்டும் கேட்டிருக்கிறேன்.

இப்போது மேளத்தின் சேனல் பாடகர் சேனலுக்குப் பக்கத்தில். கேட் கிடையாது, கம்ப்ரஸர் பெயருக்கு. பாடகர் நிறுத்தி மேளம் பதில் சொல்லும்போது விரல் ஃபேடரில் இருக்கும். அங்கிக் கை கிளிப்பை இழுக்கும் விவகாரம்தான் இன்னும் தீரவில்லை. தவில் வித்வான்களுக்கு மைக் கட்டிப் பழகியவர்கள் யாராவது இதற்கு ஒரு வழி வைத்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன்னால் வந்தால் நல்லது.