எடுக்கவும் வைக்கவும்

கேள்வி: சிலம்பம் பழகும் என் மகன் ஜப்பானிய வாள் உருவும் கலையும் கற்கணும் என்கிறான். எதிராளியே இல்லாமல் வாளை உருவி, திரும்ப உறையில் போடுவதில் என்ன இருக்கிறது?
- வாசகர், காஜாங்

பதில்: எடுக்கத் தெரிந்தால் பாதி, வைக்கத் தெரிந்தால்தான் மீதி! இயாய்டோ எனப்படும் இந்த வாள் உருவும் கலையின் மூலகுருவாகப் போற்றப்படுபவர் 16ஆம் நூற்றாண்டின் ஹயாஷிசாகி ஜின்சுகே. ஜப்பானில் 1876இல் பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்தும் ஆசான்கள் கலையைக் கைவிடவில்லை. கட்டைவிரலால் வாளின் கைக்காப்பை மெல்லத் தள்ளி, உருவும் வீச்சிலேயே வெட்டி, ரத்தத்தை உதறுவதுபோல் வாளை உதறி, பார்வை தாழாமல் உறையிலிட வேண்டும். அந்த நிதானம் வரவே வருடங்கள் ஆகும். இன்றைய பொதுப் பாடத்தில் 12 அடவுகள். ஆயுதத் தடை நமக்கும் புதிதல்ல: தமிழகத்தில் பாளையக்காரர்களை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1801இல் நம்மவர் ஆயுதங்களையும் பறித்தது; ஆனாலும் சிலம்பக் கம்பு நிலைத்தது. மகனைத் தாராளமாக அனுப்புங்கள். தொடக்கத்துக்குக் கூரில்லாத பயிற்சி வாள் போதும். சிலம்பத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.