ஏற்றத்தில் நிற்றல்: ஏலகிரிச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

சைக்கிளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அது ஓடுவதைப் பற்றியே எழுதினார்கள். அது நிற்பதை ஒரு பொருட்டாக மதித்து நூல் செய்தவர் யாரும் கண்ணில் படவில்லை. இப்பெருங்குறையைப் போக்க எழுந்ததே இச்சிறு கட்டுரை. நிற்றல் பல வகைப்படும். சிக்னலில் நிற்பது சட்டம். பஞ்சர் கடையில் நிற்பது தலைவிதி. டீக்கடையில் நிற்பது பிறவிக்குணம். இம்மூன்றும் நம் ஆய்வுக்குப் புறம்பானவை. யாரும் அனுப்பாமல், கூலி ஏதும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து, தானாக ஒரு மலைச்சாலையில் ஏறத் தொடங்கிய ஒருவர் மூன்றாம் வளைவு திரும்பியதும் காலை ஊன்றி நிற்கிறாரே, அதுவே ஆய்வுப்பொருள். அவர் ஏன் நின்றார் என்பது பார்த்த எவருக்கும் விளங்கும். கேட்டால் அவர் சொல்லும் காரணம் மட்டும் வேறாக இருக்கும்.

நாம் நிறுவ முற்படுவது இது: பொழுதுபோக்காக மலையேறும் சைக்கிள்காரரின் திறமை அவர் காலில் இல்லை. ‘மூச்சு வாங்குது’ என்ற இரண்டு சொற்களை உச்சரிக்காமலே பத்துப் பன்னிரண்டு இடங்களில் மரியாதையாக நிற்கத் தெரிவதே அவர் திறமை.

ஆய்வுக்களம் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி. பெரிய மலை என்று சொல்ல முடியாது. அடிவாரத்துப் பொன்னேரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டரில் இருக்கிறது. மேலேயுள்ள அத்தனாவூர் 1000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்கு வரும் ரயிலுக்கே ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஜோலார்பேட்டையிலிருந்து பொன்னேரி வரை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தரைச்சாலையில் எவரும் நிற்பதில்லை, எல்லோரும் வீரர்கள். பேச்சும் தடையின்றி நடக்கும். இறங்கி வந்தபின் ஆம்பூரில் எந்தக் கடையில் பிரியாணி சாப்பிடுவது என்பது வரைக்கும் தீர்மானமாகிவிடும். பொன்னேரி தாண்டிச் சாலை மேல்நோக்கித் திரும்பியதும் முதலில் நிற்பது பேச்சுதான். சைக்கிள் அதன்பிறகே நிற்கிறது. இதைக் களப்பணியாளர்கள் முதல் அறிகுறியாகக் கொள்க.

இனிக் கணக்கு. ஆள் 70 கிலோ, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் பழமும் சேர்த்து 15 கிலோ. இந்த 85 கிலோவை 600 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 5 லட்சம் ஜூல் வேலை ஆகும். விளையாட்டு வீரரல்லாத ஒருவர் தொடர்ந்து 120 வாட் மிதிப்பார் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், 70 நிமிடத்தில் மலை முடிந்துவிட வேண்டும். காற்று, டயர் உராய்வு இவற்றுக்கு இன்னும் பத்து நிமிடம் தள்ளுபடி தரலாம். ஆனால் எந்தக் குழுவும் அந்த நேரத்தில் மேலே போய்ச் சேருவதில்லை. விடுபட்ட நேரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இயற்பியலில் விடை இல்லை. மானிடவியலில் இருக்கிறது. (மனித உடல் தான் எரிப்பதில் கால்பங்கையே பெடலுக்குத் தருகிறது, ஆகவே மொத்தச் செலவு 500 கிலோகலோரிக்கு அருகில் வரும். மேலே சொன்ன பிரியாணி அதை ஒரே அமர்வில் ஈடுகட்டிவிடும். இளைப்பதற்காக மலையேறுகிறவர்கள் இந்த அடைப்புக்குறியைப் படிக்காமல் விடுவது நல்லது.)

ஒரு கூட்டத்தாரை ஆய்விலிருந்து விலக்க வேண்டியிருக்கிறது. ரான்டனர் என்று சொல்லிக்கொண்டு 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிப்பவர்கள் அவர்கள். வழியில் குறித்த இடங்களில் நின்று, கையிலுள்ள அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்வார்கள். நிற்பதற்கும் ரசீது வாங்குகிறவர்களை வைத்துக்கொண்டு நாம் எதையும் நிறுவ முடியாது.

எஞ்சிய பெரும்பான்மையோரின் நிற்றலை இயந்திர நிற்றல், அழகியல் நிற்றல், கருணை நிற்றல் எனப் பகுக்கலாம். குரங்கு நிற்றல் என்று நான்காவது ஒன்றும் உண்டு என்பாரும் உளர். ஏலகிரிச் சாலையின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்கு வாழைப்பழத்தைப் பார்த்துச் சாலைக்கு இறங்கினால் சைக்கிள்காரர் நிற்பது உண்மையே. ஆனால் அங்கே முடிவெடுப்பது குரங்கு. ஆகவே அது பொருந்தாது என்க.

மூன்றில் நுட்பம் மிகுந்தது இயந்திர நிற்றல். பயின்றவர் இதைச் செய்யும் முறை காண்க. ஏறிக்கொண்டிருக்கும்போதே முகத்தைச் சுளித்துக் கீழே பார்ப்பார். “செயின்ல ஏதோ சத்தம் வருது” என்பார். இந்த வாக்கியத்தை மூச்சு முழுவதும் தீர்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் பாதியில் அறுபட்டுக் குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு இறங்கிப் பின்சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றுவார். ஃப்ரீவீல் கிர்ர்ரென்று ஓடும். குனிந்திருப்பதால் முகம் தெரியாது. ஃப்ரீவீல் சத்தத்தில் மூச்சிரைப்பு கேட்காது. இரண்டையும் ஒரே அசைவில் மறைக்கும் வேறோர் ஏற்பாட்டை மனித குலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சுற்றி முடித்ததும் விரலில் ஒட்டிய கறுப்பு கிரீஸை ஒரு இலையைப் பறித்துத் துடைப்பார். துடைப்பதற்கு அரை நிமிடம் ஆகும். “இப்ப சரியாயிடுச்சு” என்று எழுவார். செயினில் கோளாறு இருந்து கண்டுபிடித்ததாக ஒரு சான்றும் இல்லை. தொடக்கநிலையில் உள்ளவர்கள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது மூன்று நொடியில் முடிந்துவிடுகிற வேலை, பலன் போதாது.

அழகியல் நிற்றல் செல்போனுக்குக் கேமரா வந்த பிறகு மலிந்துவிட்டது. பள்ளத்தாக்கை நோக்கிப் போனை நீட்டினால் போதும், பின்னால் வருகிறவர்களும் நன்றியோடு நின்று தங்கள் போன்களை எடுப்பார்கள். எடுத்த படங்களை யாரும் பிறகு பார்ப்பதில்லை.

கருணை நிற்றலுக்கு வாய்பாடு ஒன்றே: “பின்னால வர்றவரு வந்துரட்டும்.” இதைச் சொல்கிறவரின் முகத்தில் அந்நேரம் ஒரு தாய்மை படரும். இதனால் கெடுபவர் அந்தப் பின்னால் வருகிறவர்தான். எல்லோரும் அவருக்காக ஐந்து நிமிடம் காத்திருந்து நன்றாக இளைப்பாறியிருப்பார்கள், அவர் தள்ளாடி வந்து சேர்ந்த கணமே “போலாமா?” என்று கிளம்பிவிடுவார்கள். குழுவில் அதிகம் ஓய்வு தேவைப்படுபவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காமல் செய்யும் இந்த அமைப்பை வேறு துறையினரும் ஆராயலாம்.

இத்தனை நிற்றலுக்கும் எழுத்துச் சான்று கிடைக்காமல் போனதற்கு ஸ்ட்ராவா என்னும் செயலிக்கும் பங்கு உண்டு. அதில் ஆட்டோ பாஸ் என்றொரு வசதி இருக்கிறது. சைக்கிள் நின்றதும் கடிகாரமும் நின்றுவிடும். மிதித்ததும் மீண்டும் ஓடும். மொத்த நேரம் ஒரு மூலையில் ஒளிந்திருக்க, நகர்ந்த நேரம் மட்டும் நண்பர்களின் பார்வைக்குப் போகும். வரலாற்றில் தோல்விகளைக் கல்வெட்டில் பொறிக்காத மன்னர்கள் கையாண்டதும் இதே உத்திதான்.

இனி, ஏலகிரியைத் தேர்ந்ததன் மெய்யான காரணத்துக்கு வருவோம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைச் சாலையில் 40. இரண்டிலும் வளைவுக்கு வளைவு எண் போட்டிருக்கிறார்கள். 23/70 என்ற பலகையைப் பார்க்கும் சைக்கிள்காரரின் மனம் உடனே 47 என்று கழித்துவிடுகிறது. கழித்த மாத்திரத்தில் தொடை கனக்கிறது. வட்டிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று பாக்கியைப் படித்துக்காட்டுவது போன்றது அந்தப் பலகை. ஏலகிரியில் 14 வளைவுகள்தான். அவற்றுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவர் ஏறுகிறவரின் இதயத்தை அறிந்தவர். முதல் ஏழு வளைவுகள் புலவர்களுக்கு: பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார். அடுத்த ஏழும் கடையெழு வள்ளல்களுக்கு: பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன். பலகையின் முன் நின்று பெயரைப் படிப்பது தமிழர் எவருக்கும் கடமை. கடமையைச் செய்கிறவரைக் களைத்தவர் என்று யார் சொல்ல முடியும்? நான்காவதாக இலக்கிய நிற்றல் என்ற வகை இங்கே தோன்றுகிறது. வேறு மலைகளில் இதற்கு வாய்ப்பு குறைவு.

வைப்பு முறையும் கவனிக்கத்தக்கது. புலவர்கள் முன்னே, வள்ளல்கள் பின்னே. கீழ்ப்பாதியில் ஏறுபவருக்கு இன்னும் பேச்சு மிச்சமிருக்கிறது, புலவர்கள் போதும். மேல்பாதியில் அவருக்கு வேண்டியது உதவி.

அந்த உதவி எட்டாம் வளைவில் பாரியிடம் தொடங்குகிறது. முல்லைக்கொடி படரக் கொழுகொம்பு இல்லாமல் தவித்ததைக் கண்டு பாரி தன் தேரை அதற்கு விட்டுச் சென்றான் என்பதை அறியாதார் இல்லை. உரையாசிரியர்கள் இதைக் கொடைமடம் என்று போற்றி அமைந்தனர். அவர்களில் எவரும் மலைச்சாலையில் சைக்கிள் மிதித்தவர் அல்லர். நாம் கேட்பது இது: பாரியின் நாடு பறம்புமலை. தேர் போனது மலைவழி. ஏற்றத்தில் தேர் இழுபடாமல் நின்றது, வேந்தன் இறங்கினான், படைத்தலைவன் முன்னிலையில் குதிரை இளைத்துவிட்டது என்று சொல்வதா? கண்ணை ஓட்டினான், முல்லை அகப்பட்டது. வண்டியைச் செடியோரம் சாத்திவிட்டு மிச்ச தூரத்தை நடந்தே கடந்த முதல் தமிழன் பாரி என்பதும், நிற்பதற்கு அவன் சொன்ன காரணம் ஈராயிரம் ஆண்டாக நிலைத்துவிட்டது என்பதும் இதனால் போதரும்.

காரி குதிரை கொடுப்பவன். ஆய் யானை கொடுப்பவன். கியர் எட்டாத நிலையில் இரண்டும் ஏற்கத்தக்கவையே. ஓரிக்குச் சொந்த மலை கொல்லி. 70 வளைவு போதாதென்று இங்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதியமான் வளைவில் நெல்லிக்காய் நினைவுக்கு வந்து வாய் ஊறும். வறண்ட வாய்க்கு அதுவே லாபம். பேகன் மயிலுக்குப் போர்வை தந்தவன். வேர்த்துக் கொட்டும் ஒருவரைப் பதினான்காம் வளைவில் போர்வையோடு வரவேற்பதில் பொருத்தம் போதவில்லை.

மலையேறும் சைக்கிள்காரர்களின் வழிபடு வள்ளல் நள்ளியே என்பது இவ்வாய்வின் முடிபு. புறநானூற்றில் வன்பரணர் பாடிய 150ஆம் பாட்டைக் காண்க. நெடுவழி நடந்து களைத்த புலவர் ஒரு பலாமரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார். வேட்டைக்கு வந்த ஒருவன் அவரைப் பார்க்கிறான். கறியைத் தீயில் சுட்டுத் தருகிறான். புலவர் அருவி நீரைக் குடித்தபின் ஆரமும் கடகமும் கழற்றிக் கொடுக்கிறான். நீ யார், எந்த நாடு என்று கேட்டதற்கு அவன் சொல்லவில்லை. அவன் நள்ளி என்பது பிறகு வழியில் பிறர் சொல்லித் தெரிகிறது. இங்கே நமக்கு வேண்டியது ஆரமும் கடகமும் அல்ல. ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நள்ளி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே செய்தி. பலாமரமும் ஏலகிரிக்குப் பொருந்துகிறது. மலையில் பலா நிறைய உண்டு.

நள்ளியின் பண்பு எல்லோருக்கும் வாய்க்காது. விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வளைவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டி கேட்கக்கூடிய கேள்விகளை மாதிரிக்குத் தருகிறோம்.

“ஏன் தம்பி, பஸ்ஸு ஓடலையா இன்னிக்கி?”

“ஓடுதும்மா. உடம்புக்கு நல்லதுன்னு சைக்கிள்ல வர்றோம்.”

“அப்ப ஏன் நின்னுட்ட?”

இந்த இரண்டாம் கேள்விக்கு எந்த வகைப்பாட்டிலும் விடை இல்லை.

நேர்மையான எதிர்த்தரப்பு ஒன்றும் உண்டு. கியரே இல்லாத பழைய சைக்கிளின் கேரியரில் மூட்டை கட்டி, ஏற்றம் வந்ததும் இறங்கி உருட்டிக்கொண்டு போகிறவர்களை மலையடிவார ஊர்களில் இன்றும் பார்க்கலாம். அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய காலம் முதல் இந்நாட்டில் மேட்டில் சைக்கிள் ஏறியது பெரும்பாலும் இந்த முறையில்தான். அவர்களில் ஒருவரிடம் ஏன் நின்றீர்கள் என்றால், “ஆவல, அதான் நின்னுட்டேன்” என்பார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர்களால் ஆய்வுலகுக்கு ஒரு பயனும் இல்லை.

பரிந்துரைகள் இரண்டு. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது. சைக்கிளும் வண்டிதான் என்பதை இறங்கி வரும் பஸ் டிரைவர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். அதை எடுத்துச் சொல்ல வளைவில் நிற்பவரிடம் மூச்சு இருக்காது. அடுத்து, நெடுஞ்சாலைத் துறை பதின்மூன்றாம் வளைவில் ஒரு பலாக்கன்று நட்டு, பக்கத்தில் கல்பெஞ்சு ஒன்று போட்டால் நள்ளிக்குச் செய்த மரியாதையாக இருக்கும். பெஞ்சில் யார் பெயரும் எழுத வேண்டாம்.

இறக்கத்தைப் பற்றி ஆய்வில் ஒன்றும் சொல்லவில்லையே எனின், இறக்கத்தில் யாரும் நிற்பதில்லை. பேகன் முதல் பாவேந்தர் வரை எந்தப் பெயரும் கண்ணில் படுவதுமில்லை. ஆனால் வாசகர்கள் கட்டாயம் நில்லுங்கள். விடாமல் பிரேக் பிடித்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். பாதி மலையில் ஔவையார் வளைவோரம் ஐந்து நிமிடம் ஆறவிட்டு இறங்குங்கள். ஜோலார்பேட்டையில் கிளம்பும்போதே பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிம் ஆறிவிட்டதா என்று தொட்டு மட்டும் பார்க்காதீர்கள், சுடும்.