முற்கூறல் நன்றியியல்: மோர்டன் வட்டாரத்தை முன்வைத்து ஒரு தலையாய ஆய்வு

வரப்போவதை ஒருவர் முந்தியே வந்து சொல்கிறார். கேட்டவர் பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும்? இலக்கணிகள் இதைத் தீண்டவேயில்லை. தொல்காப்பியரைக் குறைசொல்ல முடியாது. அவர் காலத்தில் தெற்கு லண்டனிலுள்ள மோர்டனுக்கு ரயில் ஓடவில்லை. 1926 செப்டம்பர் 13ஆம் திகதிதான் அது வந்தது. நிலையத்தை வரைந்தவர் சார்ல்ஸ் ஹோல்டன். நொதேர்ன் லைன் என்ற சுரங்க ரயில் பாதையின் தெற்கு முடிவு இதுவே. இங்கிருந்து புறப்படும் வண்டி சற்றைக்கெல்லாம் சுரங்கத்துக்குள் புகுந்தால், பாங்க் வழியாக ஈஸ்ற் ஃபின்ச்லி வரை 27.8 கிலோமீற்றர் வெளிச்சம் காணாது. அப்படிப்பட்ட குழிக்குள் இறங்குமுன் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நல்லதென்று எவருக்கும் தோன்றும். ஆகவே இந்நிலைய வாசல் இத்துறைக்கு ஏற்ற ஆய்வுக்களம் எனக் கொள்ளப்பட்டது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை என்பதும் ஒரு காரணம்.

முதல் தரவு என் சொந்த வாழ்க்கையிலிருந்து. லண்டன் வந்த புதிதில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. முதல் கிழமையே மனேச்சர் கதவால் தலையை நீட்டி, "ஹெட்ஸ் அப்! நாளைக்கு டெலிவரி விடிய நாலு மணிக்கு" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை, மழைத் தண்ணி ஊறிய ஒரு மஞ்சள் வட்டம் மட்டும். அவரும் என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் இருவரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னாளில் ஆராய்ந்தபோது தெரிந்தது, அன்று சரியாக நடந்துகொண்டவன் நான்தான் என்று. பந்து பறந்து வரும்போதும் மேலிருந்து ஏதும் விழும்போதும் தலையை நிமிர்த்திப் பார்க்கச் சொல்லி அமெரிக்கர்கள் போட்ட கூச்சல் அது. வெகு பிந்தித்தான், கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், கந்தோர்க்காரர் கையில் அகப்பட்டு 'முன்கூட்டிய தகவல்' என்று பெயர்ச்சொல் ஆனது. இந்த விளக்கத்தை மனேச்சர் ஏற்கவில்லை. "தாங்ஸ் ஃபோர் த ஹெட்ஸ் அப்" என்று சொன்னால் போதுமென்றார்.

அடுத்தது 'சியர்ஸ்'. கிளாசோடு கிளாஸ் முட்டும்போது சொல்வதென்று ஊரில் நினைத்திருந்தோம். இங்கே பஸ்ஸால் இறங்குகிறவனும் சாரதிக்கு அதையே சொல்லிவிட்டு இறங்குகிறான். அதன் வேர் பழைய பிரெஞ்சில் 'முகம்'. அதற்கும் பின்னே கிரேக்கத்தில் 'தலை' இருக்கலாம் என்பர் சொற்பிறப்பியலாளர். அப்படியானால் "சியர்ஸ் ஃபோர் த ஹெட்ஸ் அப்" என்பது தலைக்குத் தலை கொடுக்கும் பண்டமாற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நம்மவர் சொல்வதும் இதன் கிளையாகலாம். நிறுவ இடமில்லை, விட்டுவிடவும் மனமில்லை.

மிகச் சிக்கலான தரவு 'டா'. ஆங்கிலக் குழந்தைகள் 'தாங்ஸ்' சொல்ல வராமல் 18ஆம் நூற்றாண்டிலேயே உதிர்த்த மழலை இது. பெரியவர்கள் இன்னும் விடவில்லை. என் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒருநாள் நிலைய வாசலில் 93க்குக் காத்துநின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தியிடம், ரோட்டு வேலை நடக்கிறது, பஸ் சுற்றிப் போகும் என்று வலியப்போய்ச் சொன்னார். அவள் சிரித்து, "டா, லவ்" என்றாள். மனுசன் வீட்டுக்கு வந்து சப்பாத்தும் கழற்றாமல் இருந்தார். "முப்பது வருசம் படிப்பிச்சனான். ஒரு பெடியனும் என்னை டா எண்டு கூப்பிட்டதில்லை." இரண்டாவது சொல்லைப் பெரியம்மாவுக்கு முன்னால் அவர் அறிக்கையிடவில்லை.

இனித் தமிழ்ப் பக்கம். யாழ்ப்பாணத்தார் "நல்லகாலம் சொன்னீங்கள்" என்கிறார்கள். தமிழ்நாட்டார் "நல்லவேளை சொன்னீங்க" என்கிறார்கள். கவனியுங்கள்: நல்லது காலம்தான், வேளைதான். வந்து சொன்ன ஆளுக்கு ஒரு சதமும் இல்லை. பிந்திச் சொன்னால் மட்டும் "முந்தியே சொல்லியிருக்கலாமே" என்று ஆளைப் பிடிப்போம். நல்லதுக்கு நேரம் பொறுப்பு, கெட்டதுக்கு ஆள் பொறுப்பு. நன்றி என்ற சொல்லே வள்ளுவரிடம் வாயால் சொல்வதல்ல, ஒருவர் செய்த நன்மை; 11ஆம் அதிகாரம் அதை அறியச் சொல்கிறது. அறிந்தோம், பேசாமல் இருந்தோம்.

இந்த விதிக்குப் பெரும் விலக்கு ஒரு காகம். குறுந்தொகை 210. பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து, இவளை நன்றாக ஆற்றிவைத்திருந்தாய் என்று தோழியை மெச்சுகிறான். தோழி அந்த மெச்சலை வாங்கிக்கொள்ளவில்லை. விருந்து வருமென்று கரைந்த காகத்தின் பக்கம் தள்ளிவிடுகிறாள். வள்ளல் நள்ளியின் காட்டு இடையர் நெய்யோடு, தொண்டியில் விளைந்த நெல்லெல்லாம் சோறாக்கி, ஏழு கலத்தில் ஏந்தினாலும் அதற்குக் காணாதாம்! பாடியவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் முற்கூறலுக்குப் பேசப்பட்ட ஆகப்பெரிய கூலி இதுவாகத்தான் இருக்கும். மோர்டன் விலைக்கு அதைக் கணக்குப் பார்த்துத் தரும்படி பெரியப்பாவைக் கேட்டேன். நெய்ப் போத்தலின் விலையைக் கண்டதும் பேனாவை மூடிவிட்டார்.

ஆங்கிலேயரிடமும் ஒரு பறவை உண்டு. ஒற்றை மக்பையைக் கண்டால் துக்கம் வருமென்பது அவர்கள் நம்பிக்கை. கண்டதும் "குட் மோர்னிங் மிஸ்டர் மக்பை" என்று மரியாதை செய்வார்கள். சோறு வைப்பதில்லை.

பெரியம்மா வைப்பார். சனிக்கிழமை விரதம், பின்வேலியில் வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, "ஜஸ்ற் எ ஹெட்ஸ் அப், இரவில் நரி வருது" என்றார். பெரியம்மாவுக்குப் பாடம் எடுத்தது நான். எந்த வாக்கியமும் வராவிட்டால் சும்மா 'டா' போதும் என்று சொல்லியிருந்தேன். வயதுக்கு மூத்த மனுசனிடம் அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, "டாங்கோ" என்றார்.