அணையா அடுப்பும் 63 சதவீதமும்

வடலூர் தருமசாலைப் பந்தியில் சாம்பாருக்குச் சோற்றில் குழி பறித்தபடி பக்கத்து இலைக்காரர் கேட்டார்: “அண்ணே, மெடிக்கல் இன்சூரன்ஸ் கம்பெனியே படுத்துட்டா நம்ம ஆபரேஷனுக்கு யாரு காசு கட்டுவா?”

நல்ல இடத்தில்தான் கேட்டார். இங்கே வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. 2018 அக்டோபரில் கடை திறந்த ரிலையன்ஸ் ஹெல்த் இன்சூரன்ஸுக்கோ, மறுவருஷம் நவம்பரிலேயே ‘புது பாலிசி விற்காதே’ என்று காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டது. கடனையும் க்ளெய்மையும் அடைக்கத் தெம்பு இருக்கிறதா என்று காட்டும் சால்வென்சி விகிதம் 150 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 63. சர்க்கரை 63 என்றால் வாயில் ஒரு மிட்டாயாவது திணிப்பார்கள்!

2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு நேர்வாசல் கிடையாது. 1938-ஆம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டம்தான் கதி. பாலிசிதாரர்களைச் சொத்தோடு சேர்த்து அதே குடும்பத்து இன்சூரன்ஸ் கம்பெனியான ரிலையன்ஸ் ஜெனரலில் ஒப்படைத்தார்கள். நொடித்த தம்பியின் பிள்ளைகள் அண்ணன் வீட்டில். சரி, க்ளெய்முக்கு ஓர் ஆள் ஆச்சு. ஆனால் இரண்டே வருஷத்தில், 2021 டிசம்பரில், இருவருக்கும் அப்பாவான ரிலையன்ஸ் கேபிடலே திவால் தீர்ப்பாயத்தின் படியேறினார்.

பாலிசி எடுக்கிறவர்களே, விளம்பரத்தில் சிரிக்கும் குடும்பத்தைப் பார்த்தது போதும். கம்பெனியின் சால்வென்சி விகிதம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது; அதையும் ஒரு பார்வை பாருங்கள்.