தொண்டைமானின் கொட்டிலில் மெர்டன்

மைக்கேல் மாட் எழுதிய, துறவி தாமஸ் மெர்டனின் வாழ்க்கை வரலாறு 1984இல் வெளிவந்தது. அறுநூறு பக்கங்களைத் தாண்டிய அந்த நூலுக்கு வந்த மதிப்புரைகளில் என் கைக்கு எட்டியவற்றைப் படித்தேன். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, வரிசையாகச் சாத்தி வைத்த தொண்டைமானின் வேல்களை ஔவை பாராட்டினாளே, அப்படிப் பாராட்டத்தான் தோன்றுகிறது. எல்லாம் அவ்வளவு பளபளப்பு.

உழைப்பைக் கண்டால் மதிக்கத் தெரிந்தவர்கள் இந்த மதிப்புரையாளர்கள். ஜான் ஹோவர்ட் கிரிஃபின் தொடங்கி, உடல்நலம் கெட்டதால் விட்ட வேலையை மாட் ஏற்று முடித்தார். இறந்து 25 ஆண்டுகள் ஆகும்வரை முழுதாக அச்சிடக் கூடாது என்று மெர்டன் விதித்திருந்த நாட்குறிப்புகளையும் படித்தார். நூல் புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. தகுதிதான்.

தேதிகளில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மெர்டன் கென்டக்கியின் கெத்செமனி மடத்தில் சேர்ந்தது 1941 டிசம்பர் 10. பாங்காக் அருகே மின்விசிறியின் மின்சாரம் தாக்கி இறந்தது 1968 டிசம்பர் 10. இந்தப் பொருத்தத்தை அவர்கள் தவறவிடுவதே இல்லை.

கண்ணும் கூர்மை. மெர்டனின் 53 ஆண்டு வாழ்க்கையில், 1966இல் மருத்துவமனையில் சந்தித்த ஒரு செவிலியை அவர் நேசித்த சில மாதங்களை அந்தக் கண் உடனே கண்டுகொண்டது. 2009இல் அந்தக் காதலுக்கென்றே தனி நூலும் வந்துவிட்டது. அந்தக் காதலில் பிறந்த பதினெட்டுக் கவிதைகள் 1985இல் அச்சானபோது போட்ட பிரதிகள் 250.

'கவிஞர்' என்ற பட்டத்தையும் அவர்கள் மறக்கவில்லை. துறவி, எழுத்தாளர், கவிஞர் என்று வரிசை பிசகாமல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டத்தின் மேல் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை! சான்றாக ஒரு கவிதையைக்கூடக் கேட்கவில்லை. நான் படித்தவற்றில் ஒன்றிலும் ஒரு கவிதை ஆராயப்படவில்லை.

ஆராய்ந்திருந்தால் மெர்டனின் தம்பி ஜான் பால் வந்திருப்பார். கனடா விமானப்படையில் சேர்ந்த அவர், 1942இல் அண்ணனைப் பார்க்க மடத்துக்கு வந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டு கடலில் விமானம் விழுந்து இறந்தார். போய் நிற்க அண்ணனுக்கு ஒரு கல்லறை இல்லை. தன்னிடம் இருந்த உறக்கமின்மையையும் நோன்பையும் தாகத்தையும் தம்பிக்குக் காணிக்கையாக்கி ஒரு கவிதை எழுதினார். அந்நாளில் விடியுமுன் இரண்டு மணிக்கு எழுந்த மடம் அது. உறக்கத்தின் விலை தெரிந்தவர் எழுதிய கவிதை. மெர்டனின் துறவும் பாசமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும் இடம் அது. அறுநூறு பக்கங்களைப் படித்துக் களைத்த பெரியோர்களுக்கு இந்தச் சில வரிகளைப் பார்க்க நேரமில்லாமல் போனது எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

மெர்டனின் கவிதைகள் மொத்தமாக 1977இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் அச்சாகிவிட்டன, மாட்டின் நூலுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே. அது பெரிதாகத் தோன்றினால் 1944இல் வந்த முதல் தொகுப்பைத் தேடி எடுங்கள். அதில் முப்பது கவிதைகள்தான், ஒரு மாலைப்பொழுது போதும்.